டேப்பை எடுத்தவன்

விளக்கு அணைவதற்கு முன்பே எர்னஸ்டுக்கு ஒன்று உறுத்த ஆரம்பித்துவிட்டது. தன்னை ஏன் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள்? சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவின் மாடியில் இருந்த சின்ன பிரிவியூ தியேட்டர் அது. வந்திருந்த கூட்டம் பாதி இடத்தைக்கூட நிரப்பவில்லை, நடுவில் எத்தனையோ நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஆனாலும் இந்த ஆவணப்படத்தை எடுத்த பெண் மதுவந்தி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து, அங்கிள் உங்களுக்கு இங்கேதான் வசதி, காலை நீட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி இந்த ஓரத்தில் கொண்டுவந்து விட்டுப் போனாள். காலை நீட்ட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? எழுபத்துநான்கு வயதில் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வந்தவர் அவர். தடி ஊன்றி வந்தவன் கனகசபை. காலை நீட்ட வேண்டியவன் அவன்தான். அவனை இரண்டு வரிசை முன்னால், நட்டநடுவில், முதலாளி மாதிரி உட்கார வைத்திருக்கிறாள். இங்கிருந்து பார்த்தால் கனகசபையின் பின்னந்தலையும் சாயம் போட்ட முடிக்கு அடியில் வெள்ளை வெளுத்த பிடரியும் தெரிந்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஐம்பது வருஷமாகத் திரும்பாதவன் இன்றைக்கா திரும்பப் போகிறான். அல்லது தன்னை ஓரத்தில் வைத்தது, பாதியில் எழுந்து போனால் யாரையும் தாண்டாமல் போகட்டும் என்றா? அப்படியென்றால் பாதியில் எழுந்து போகும்படியாக ஏதோ படத்தில் இருக்கிறது. இருக்கும். எர்னஸ்ட் முப்பத்தைந்து வருஷம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, முன்னால் போகும் ஐம்பது அறுபது வேகன்களில் எதிலாவது புகை வருகிறதா, எதுவாவது தொங்குகிறதா, சக்கரம் எங்காவது தேய்ந்து கத்துகிறதா என்று பார்த்துக்கொண்டே போவதுதான் அந்த வேலை. பச்சைக் கொடி காட்டுவது கடைசியில்தான். அதற்கு முன்னால் முழுக்கச் சந்தேகம். வீட்டுக்கு வந்தாலும் அது போகாது. மனைவி ஸ்டெல்லா சொல்வாள், சோறு போட்டால் அதிலும் கல் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நீங்கள் என்று. இன்றைக்குக் காலையில்கூடச் சொன்னாள், போய் சும்மா பார்த்துட்டு வாங்க, யார் என்ன சொன்னா என்ன, எல்லாம் பழைய கதைதானே என்று. பழைய கதை. அவளுக்கு எப்படித் தெரியும் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று? மதுவந்தி அவளிடமும் தனியாகப் பேசினாளா?

விளக்கு அணைந்தது. திரையில் தண்டவாளம் வந்தது, மூடிய கேட் வந்தது, கேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிளில் காத்து நிற்கிற ஜனங்கள் வந்தார்கள். பின்னணியில் மதுவந்தியின் குரல், நேரில் பேசுவதைவிட ஒரு சுதி இறக்கி, நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கன்ட்ரி மியூசிக் பாடிய சிலர் ரெக்கார்டு கம்பெனிக்காரர்களை எதிர்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள், கம்பெனி வைக்கிற வயலின் கோஷ்டி வேண்டாம், கம்பெனி கொடுக்கிற பளபளப்புச் சட்டை வேண்டாம், எங்கள் பாட்டை எங்கள் ஆட்களோடு நாங்களே பாடிக்கொள்கிறோம் என்றார்கள், அவர்களை அவுட்லா, சட்டத்துக்கு அடங்காதவர்கள் என்று ஊர் சொன்னது, ஏறக்குறைய அதே நேரத்தில் பெரம்பூரில் மூன்று பையன்கள், அப்படி ஒரு சங்கதி நடப்பது சரியாகத் தெரியாமலே, அதையே செய்தார்கள். தெரியாமலே என்பது பொய். டெரிக்குக்குத் தெரியும். டெரிக் ரொசாரியோவின் மாமா கப்பலில் வேலை பார்த்தார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெக்கார்டுகளும் பத்திரிகைகளும் கொண்டுவருவார், அந்தத் தாடிக்காரர்களின் படங்களை டெரிக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தான். இதை எர்னஸ்ட் கேமராவுக்கு முன்னால் விளக்கமாகச் சொன்னார். ஏன் அதை எடுத்துவிட்டாள்? தெரியாமலே செய்தார்கள் என்றால்தான் கதை நன்றாக இருக்கும் போலிருக்கிறது. அதை எடுத்தவள் வேறு எதை எடுத்தாள், எதை விட்டாள்? திரையில் மூன்று பையன்களின் புகைப்படம் வந்தது. நடுவில் கிட்டாரோடு டெரிக், சுருட்டை முடி, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பையன், பாடுவான், பாட்டு எழுதுவான், லோகோ ஷெட்டையும் கேட் கீப்பரையும் கள்ளுக்கடைச் சண்டையையும் இங்கிலீஷும் தமிழும் கலந்து எழுதுவான். இடது பக்கம் டிரம்ஸ் குச்சியைக் காதில் சொருகிக்கொண்டு அயனாவரம் கனகசபை. வலது பக்கம் பேஸ் கிட்டாரோடு, வாயை மூடிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எர்னஸ்ட் பாக்கியநாதன். இருபத்துமூன்று வயதிலேயே அவன் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. அதை அவரே இன்றுதான் பார்த்தார். மூன்று பேரும் லோகோ ஷெட் நீலச் சட்டை போட்டிருந்தார்கள். கம்பெனிக்காரர் ஆளுக்கொரு கௌபாய் தொப்பியும் பூட்ஸும் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டு வந்தால் ரெக்கார்டு போடலாம் என்றார். டெரிக் தொப்பியைத் திருப்பிப் பார்த்து, இதுல ஆட்டுக்குத் தண்ணி காட்டலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தான். அன்றைக்குத் தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். கனகசபைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். அந்தக் கனகசபைதான் இரண்டு வருஷம் கழித்துச் சினிமா வாத்திய கோஷ்டியில், கம்பெனி ஆட்களின் சிபாரிசில் உள்ளே போய் உட்கார்ந்தான். முப்பது வருஷம் உட்கார்ந்தான். அதை யாராவது படத்தில் சொல்வார்களா?

சொன்னார்கள். ஆனால் பெருமையாகச் சொன்னார்கள். கனகசபை திரையில் ஒரு பழைய டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜிப்பாவை மடித்துவிட்டுக்கொண்டு, ரயில் கேட்டைக் கடக்கிற தாளத்தை வாசித்துக் காட்டினான். தியேட்டரில் கை தட்டினார்கள். அதன் பிறகு எர்னஸ்ட் வந்தார். தன் வீட்டு ஹாலில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, பனியன் தெரிகிற சட்டையில். சட்டையை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே. கனகசபைக்கு மட்டும் ஜிப்பா. திரையில் அவர் பேசினார். குரல் மெலிந்து, யாரையோ குற்றம் சொல்வது போலவே கேட்டது. மதுவந்தி அவரிடம் மூன்று தடவை வந்தாள். முதல் தடவை கேமராவோடு, இரண்டாம் தடவையும் கேமராவோடு, மூன்றாம் தடவை தனியாக, ஆப்பிள் வாங்கிக்கொண்டு. மூன்று தடவையும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தாள்: அந்த டேப் என்ன ஆச்சு அங்கிள்? தெரியாதும்மா. கடைசியா யார் பார்த்தது? தெரியாதும்மா. உங்களுக்கு யார் மேலாவது... அப்போது அவர் வாயை மூடிக்கொண்டார். பெயர் சொல்லவில்லை. எவ்வளவு கசப்பு இருந்தும் சொல்லவில்லை, ஸ்டெல்லா கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், சொல்லிவிடுவாரோ என்று. சொல்லவில்லை. அதற்கு மதுவந்தி ஒரு மாதிரிச் சிரித்து, மத்தவங்களும் சில விஷயம் சொல்லியிருக்காங்க அங்கிள் என்றாள். மத்தவங்க. டெரிக் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. மத்தவங்க என்றால் இருப்பது ஒரே ஆள்தான். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடித்தது. இந்த ஓரத்து நாற்காலிக்கு நேர் மேலேதான் அந்த ஓட்டை இருக்கிறது. இதையுமா பார்த்து வைத்தாள்.

இப்போது திரையில் பூட்டிய கதவு ஒன்று வந்தது. ரயில்வே குடியிருப்புக்குள் இருந்த மன்றத்தின் பின்னறை. பூப்பந்து வலைகளையும் உடைந்த கேரம் பலகைகளையும் போட்டு வைக்கிற அறை. அங்கேதான் மூவரும் சாயங்காலம் வாசித்துப் பழகுவார்கள். சாவி மூன்று. மூவரிடமும் ஒவ்வொன்று. தொப்பி வேண்டாம் என்று வந்த பிறகு, யார் தயவும் இல்லாமல் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவை இரண்டு மத்தியானத்துக்குப் பிடித்து ஒன்பது பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒரே ஒரு டேப் சுருள். அதை பிஸ்கட் டின்னில் வைத்து அந்த அறை அலமாரியில் வைத்தார்கள். பம்பாயில் சின்னக் கம்பெனிக்காரர் ஒருவர் இருக்கிறார், ஒரு வார்த்தைகூட வெட்டாமல் போடுகிறேன் என்கிறார், அடுத்த வாரம் போகலாம் என்று டெரிக் சொன்னான். ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்தால் டின் இருந்தது, டேப் இல்லை. பூட்டு உடையவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ‘லெவல் கிராசிங்’ என்ற கோஷ்டி இல்லை. டெரிக் அந்த அறை வாசலில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதான். கனகசபை அழவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழாதவனைத்தானே சந்தேகப்பட வேண்டும்? அப்படித்தான் அன்றைக்குத் தோன்றியது. அதன் பிறகு கனகசபை சினிமாவில் வாசிக்கப் போனது தெரிந்ததும் தோன்றியது நிச்சயமாகிவிட்டது. கொண்டுபோய்த் தொப்பி கொடுத்த கம்பெனிக்காரன் கையில் கொடுத்துவிட்டான், இனி இவர்கள் தொல்லை இல்லை என்று அவன் அதைக் குப்பையில் போட்டான், கூலியாக இவனை உள்ளே இழுத்துக்கொண்டான். டெரிக் பெர்த்துக்குக் குடியேறிப் போனான். எர்னஸ்ட் ரயிலுக்குப் போனார். பேஸ் கிட்டாரைத் தொடவில்லை. அரக்கோணத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில், கடைசிப் பெட்டியான பிரேக் வேனின் இரும்பு நாற்காலியில், எத்தனை முறை அந்தச் சனிக்கிழமையைத் திறந்து பார்த்திருப்பார். கதவு, டின், அழுகிற டெரிக், அழாத கனகசபை. எத்தனை முறை திறந்தாலும் அதே நாலு பொருள்தான். எதுவும் கூடவில்லை, குறையவில்லை.

கனகசபை திரையில் மறுபடி வந்தான். இந்த முறை டிரம்ஸ் இல்லை. ஒரு மாடித் தோட்டம், செம்பருத்திச் செடி, பிளாஸ்டிக் நாற்காலி. மதுவந்தியின் குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து டேப்பைப் பற்றிக் கேட்டது. அவன் ரொம்ப நேரம் செடியைப் பார்த்தான். நடிக்கத் தெரிந்தவன், எர்னஸ்ட் நினைத்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவன். பிறகு சொன்னான்.

"எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்மா. அன்னிக்கே தெரியும். எர்னிதான். அவனுக்கு அப்பதான் ரயில்வேல ஆர்டர் வந்துது. கல்யாணம் பேசியிருந்தாங்க. பொண்ணு வீட்ல, பாட்டு கூத்துன்னு சுத்தறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்னாங்க. பம்பாய்க்குப் போறோம்னு டெரிக் சொன்னா எர்னியால மாட்டேன்னு சொல்ல முடியாது. டெரிக்குக்கு யாராலயும் மாட்டேன்னு சொல்ல முடியாது. டேப் இல்லன்னா போக வேணாமே. அதான். நான் யார்கிட்டயும் சொல்லல. டெரிக்குக்கிட்ட கூட சொல்லல. பயந்துட்டான், பாவம். நான் அவனை அப்பவே மன்னிச்சிட்டேன்."

எர்னஸ்டின் காதில் இருந்த கருவி கீச்சென்று கத்தியது. அவர் அதைக் கையால் அமுக்கினார். பக்கத்தில் யாரும் இல்லை என்பது முதல்முறையாக நல்லதாகப் பட்டது. ஓரத்து நாற்காலி எதற்கென்று இப்போது புரிந்தது. எழுந்து போய்விடலாம். கதவு நாலு எட்டில் இருக்கிறது. எழுந்தால் எடுத்தவன்தான் எழுந்து போகிறான் என்பார்கள். எழாவிட்டால் எடுத்தவன்தான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். மன்னித்துவிட்டானாம். யாரை யார் மன்னிப்பது? திருடியவன் பறிகொடுத்தவனை மன்னிக்கிறான், அதுவும் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில், ஜனங்களுக்கு முன்னால். எவ்வளவு சாமர்த்தியம். தன் மேல் விழ வேண்டியதை இத்தனை நாள் பாதுகாத்து வைத்திருந்து, இன்றைக்கு இவர் தலையில் இறக்கிவிட்டான், அதுவும் பூ மாதிரி. ஆனால் கல்யாணம், பெண் வீடு, ரயில்வே ஆர்டர், அதெல்லாம் உண்மைதானே. ஸ்டெல்லாவின் அப்பா அப்படித்தானே சொன்னார். பம்பாய் என்றதும் பயந்ததும் உண்மைதான், இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. டேப் தொலைந்தது என்று தெரிந்த அந்தச் சனிக்கிழமை, நெஞ்சுக்குள் ஒரு மூலையில், ஒரு வினாடி, அப்பாடா என்று இருந்ததும் உண்மை. அதை எப்படிக் கண்டுபிடித்தான்? முகத்தில் தெரிந்ததா? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றானே, அதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தானா? பார்க்க முடியாமல்தான் சுவர்ப் பக்கம் திரும்பினானா? இந்த இடத்தில் எர்னஸ்டின் நினைப்பு தட்டி நின்றது. அழாத கனகசபை. இத்தனை வருஷம் அந்த முதுகைக் குற்றம் செய்தவனின் முதுகு என்று பார்த்தவர், இன்றைக்கு அதை வேறு மாதிரியும் பார்க்கலாம் என்று கண்டார். உடனே பயந்து பின்வாங்கினார். இல்லை, அப்படி நினைக்க வைக்கத்தான் இந்தப் பேச்சு. சினிமாக்காரன். முன்னால் தெரிந்த பின்னந்தலை இப்போது லேசாகக் குனிந்திருந்தது. தூங்குகிறானா, வெட்கப்படுகிறானா? எழுந்து எல்லோர் முன்னாலும் பொய் என்று சொன்னால் என்ன. என் பேரன் இந்தப் படத்தைப் பார்ப்பான். ஸ்டெல்லா பார்ப்பாள். தெரு பார்க்கும். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் ஒரு ஆணியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவன் நான்.

திரையில் இதற்குள் கடல் வந்துவிட்டது. பெர்த் நகரம், வெளிச்சமான ஒரு வீதி, அதில் ஷெரில். டெரிக்கின் மகள், நாற்பதைத் தாண்டியவள், அப்பாவின் அதே சுருட்டை முடி. நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறாள், இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எர்னஸ்ட் அவள் பேச்சைப் பாதிதான் கேட்டார். அப்பா அங்கே போய் மேடையில் பாடவே இல்லை, மரப்பட்டறையில் வேலை பார்த்தார், கிட்டாரைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார், அங்குள்ளவர்கள் கன்ட்ரி மியூசிக் பாடினால் இது சரியில்லை என்று எழுந்து போய்விடுவார். தியேட்டரில் மெல்லச் சிரித்தார்கள். ஷெரில் திரையில் தொடர்ந்தாள், கீழே தமிழில் எழுத்து ஓடியது: நான் ரொம்பச் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பாட்டு இருந்தது, கராஜில் அப்பா தனியாக இருக்கும்போது போடுவார், அதில் நடுவில் யாரோ இருமுவார்கள், எல்லாப் பாட்டிலும் நடுவில் இருமல் இருக்கும் என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் பாடும்போது நடுவில் இருமி டீச்சரிடம் திட்டு வாங்கினேன், பிறகு வீடு மாறினோம், அது என்ன பாட்டு என்றுகூட எனக்குத் தெரியாது.

எல்லோரும் சிரித்தார்கள். மதுவந்தியும் சிரித்தாள், அந்தக் குழந்தைக் கதை அழகாக இருக்கிறதென்று சேர்த்திருக்கிறாள், அவ்வளவுதான். எர்னஸ்ட் சிரிக்கவில்லை. இரண்டு வரிசைக்கு முன்னால் குனிந்திருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. கோடம்பாக்கத்து ஸ்டுடியோவில் இரண்டாம் நாள் மத்தியானம். கேட் கீப்பர் பாட்டு. கடைசிச் சரணத்துக்கு முன்னால் எல்லாம் ஓய்ந்து டெரிக்கின் கிட்டார் மட்டும் தனியாகப் போகிற இடம். அங்கே, சரியாக அங்கே, கனகசபை இருமினான். ரெக்கார்டிஸ்ட் கையைத் தூக்கி, இன்னொரு தடவை போவோம் என்றார். டெரிக் வேண்டாம் என்றான். கம்பெனிக்காரன்தான் இருமலை வெட்டுவான், நாம வெட்ட மாட்டோம், ரயில் வரும்போது கேட்ல நிக்கறவன் எவனாவது இருமத்தானே செய்வான் என்றான். அந்த இருமல் அந்த டேப்பில் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும், எந்த மேடையிலும், எந்த வீட்டிலும் இல்லை. கடல் தாண்டிப் பிறந்த ஒரு குழந்தை அதைக் கேட்க வேண்டுமானால் டேப் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டும். எர்னஸ்ட் இதைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார், நின்ற வண்டியின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகிறவனைப் போல. எங்கும் விரிசல் இல்லை. டெரிக். அந்த வாசலில் உட்கார்ந்து அழுத டெரிக். அப்போதே பெர்த்துக்கு மனு போட்டிருந்தானா? பம்பாய்க்காரர் என்று ஒருவர் இருந்தாரா இல்லையா? எங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கோஷ்டி தானாகவே கலைந்து போனதாக இருக்கட்டும் என்று நினைத்தானா? அல்லது ஊரை விட்டுப் போகிறவன் எதையாவது கொண்டுபோக வேண்டுமே என்று கொண்டுபோனானா? அந்த அழுகை பொய்யா? இல்லை, அழுகை பொய்யில்லை, எர்னஸ்டுக்குத் தெரியும், தோள் அப்படிக் குலுங்கியது. எடுத்தவனும் அழலாம். அழுதவனை விட்டுவிட்டு அழாதவனைப் பிடித்துக்கொண்டேன், ஐம்பது வருஷம். அவரால் டெரிக் மேல் கோபப்பட முடியவில்லை. கோபம் வந்தது, ஆனால் அது போய் உட்கார இடம் இல்லாமல் திரும்பித் திரும்பி அவர் மேலேயே விழுந்தது. கராஜில் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அதில் என் பேஸ் இருக்கிறது. என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

படம் எப்போது முடிந்தது என்று அவர் கவனிக்கவில்லை. விளக்குப் போட்டார்கள், கை தட்டினார்கள், முதல் வரிசையில் ஷெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் கட்டிப் பிடித்தாள். மதுவந்தி நேராக இவரிடம் வந்து, பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, தூக்கமில்லாத முகம், அவ்வளவுதான். அதை அவரால் உடனே நம்ப முடியவில்லை. உங்களிடம் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் வர மாட்டீர்களோ என்று பயந்தேன் என்றாள். படம் இன்னும் முடிவாகவில்லை, அந்த டேப் விஷயத்தில் அங்கிள் என்ன சொன்னாலும் அதை அப்படியே சேர்த்துவிடுகிறேன் என்றாள். சொல்ல வேண்டிய வாக்கியம் அவர் நாக்கில் தயாராக இருந்தது, மூன்றே வார்த்தை: நான் அதை எடுக்கல. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்ப யாரு? கனகசபை இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரு ஆள். இந்தப் பெண் கெட்டிக்காரி, ஷெரிலின் இருமல் கதையை இரண்டாம் தடவை கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள். அதற்குள் ஷெரிலே வந்துவிட்டாள். அவரைக் குனிந்து அணைத்தாள். அவள் தமிழ், சின்ன வயதில் வீட்டில் கேட்ட தமிழ், தட்டுத் தடுமாறி வந்தது.

"டாடி யாரையும் ஃபிரெண்டுன்னு சொன்னதே இல்ல அங்கிள். உங்க ரெண்டு பேரை மட்டும்தான் சொல்வார்."

அவள் தோளுக்குப் பின்னால் கனகசபை தடியை ஊன்றிக்கொண்டு நின்றான். கிட்டத்தில் பார்த்தால் கிழவன்தான், மோவாயில் சவரம் சரியாகச் செய்யாத நரை. மதுவந்தி இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் எர்னஸ்ட். "அவன் சொன்னது அப்படியே இருக்கட்டும்."

"இல்லம்மா, அது..." என்று கனகசபை ஆரம்பித்தான்.

எர்னஸ்ட் எழுந்து, தடியைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கினார். கை சில்லென்று இருந்தது. கனகசபை பேச்சை நிறுத்திவிட்டான். மதுவந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஏதோ நடந்துவிட்டது, தன் கேமரா இல்லாதபோது நடந்துவிட்டது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது போலிருந்தது. லிஃப்டில் கூட்டமாக இருந்ததால் இருவரும் படியில் இறங்கினார்கள். கனகசபை ஒரு படிக்கு ஒரு தடவை நின்றான், எர்னஸ்ட் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே யோசித்தார்: இவனுக்கு உண்மையிலேயே இன்றைக்குத்தான் தெரிந்ததா, இல்லை முன்பே தெரிந்து என்னை முன்னால் தள்ளினானா? தலை நிமிர்ந்ததை நான்தானே பார்த்தேன். பின்பக்கம் இருந்து பார்த்தது. முகத்தைப் பார்க்கவில்லையே. ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது? பேரனிடம்? நான் செய்யவில்லை என்று வீட்டுக்குள் சொன்னால் வீடு சும்மா இருக்காது, அப்ப யாரு என்று கேட்கும். சொல்லாவிட்டால் சாகும்வரை அந்தக் கல் உள்ள சோற்றைத் தின்ன வேண்டும். முதல் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்ற இடத்தில், ஜன்னல் வழியாகத் தெருவில் ஆட்டோக்கள் போவதைப் பார்த்துக்கொண்டே கனகசபை பேசினான்.

"நான் உன்னைத்தான்டா நெனச்சேன்."

"நானும் உன்னைத்தான்."

கனகசபை தலையாட்டினான். அதில் அவனுக்கு ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. யாரிடமோ வழி கேட்பவன் மாதிரி, தணிந்த குரலில் சொன்னான்.

"சினிமாவுல எவ்ளோ அவமானம்டா. அங்க போய் உக்காந்தேன்னு எனக்கே என்னைப் பிடிக்காது. அப்பல்லாம் ஒண்ணு நெனச்சுப்பேன். எர்னிய மன்னிச்சிட்டேன் இல்ல, நான் அவ்ளோ மோசமானவன் இல்லன்னு. அதைப் பிடிச்சிக்கிட்டுதான் இருந்தேன். இப்ப அதை நான் இன்னா பண்றது?"

எர்னஸ்ட் திருப்பிக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தனக்குள் தேடினார். கடைசிப் பெட்டி வரைக்கும் தேடினார். ஒன்றும் இல்லை. இருந்தது உண்மை மட்டும்தான்.

"நான் உன்னை மன்னிக்கவே இல்லடா," என்றார். "ஒரு நாள்கூட."

கனகசபை நிமிர்ந்து பார்த்தான். கோபம் வரும் என்று எர்னஸ்ட் காத்திருந்தார். வரவில்லை. தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை எர்னஸ்டின் தோளில் போட்டு, உடம்புப் பாரத்தில் பாதியை அவர் மேல் சாய்த்தான். மீதிப் படிகளை அப்படியே இறங்க ஆரம்பித்தார்கள். அந்தக் கை கனமாக இருந்தது. இவ்வளவு கனம் நிஜமாகவே இருக்குமா, வேண்டுமென்றே அழுத்துகிறானா என்று எர்னஸ்டுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதைத் தோன்றியபடியே விட்டுவிட்டு, அடுத்த படியில் காலை வைத்தார்.